சாவியின் சத்தியாக்கிரகம்

மோட்டாரை வீட்டு வாசலில் நிறுத்தியாயிற்று, எஞ்சினையும் அணைத்தாயிற்று. ஆனால் சாவி மட்டும் பூட்டை விட்டு வர மாட்டேன் என்கிறது. அந்தச் சமயத்தில் நம்மில் பலர் கையாளுவது பலாத்கார முறைதான். பலன், சாவி ஒடிந்து ஒரு பாதி பூட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது!

சாவி வீணாகப் பிடிவாதம் செய்வதில்லை. தானியங்கிக் கியர் வண்டிகளில், கியர்க் கோல் 'பார்க்' நிலைக்கு வந்தால்தான் சாவி வெளியே வரும். நிறுத்திய வண்டியில் குழந்தைகள் கோலை அசைத்து, வண்டி உருண்டுவிடாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1992-ல் இது சட்டமாகவே அமலுக்கு வந்தது. ஆகவே, பிரேக்கை மிதித்துக்கொண்டு கோலை ஒரு முறை நகர்த்தி, மறுபடியும் 'பார்க்'கில் சரியாக வையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஸ்டியரிங்கைக் கவனியுங்கள். சக்கரம் திரும்பிய நிலையில் வண்டி நின்றால், திருட்டைத் தடுக்கும் பூட்டின் முளை அழுத்தத்தால் இறுகிவிடும். ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் இறுக்கம் தளரும்.

சில வண்டிகளில் பாட்டரி தீர்ந்துபோனாலும் சாவி சிக்கிக்கொள்ளும். பூட்டில் தூசி சேர்ந்திருந்தால் எண்ணெய் விடாதீர்கள். அது மேலும் தூசியைச் சேர்க்கும். கிராபைட் தூளே உகந்தது.

இத்தனைக்கும் இணங்காவிட்டால் மெக்கானிக்கை அழையுங்கள். அவர் வரும் வரையில் குறடு மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும்!