4,096 செல் வரை அம்மா கணக்கு; அப்புறம்? தவளைக் கருவில் மரபணு ‘ஸ்விட்ச்’ போடுவது யார்?

ஐவிஎஃப் சிகிச்சையில் இருக்கும் தம்பதிக்கு மூன்றாம் நாள் போன் வந்தாலே பதற்றம்தான். ‘கரு எட்டு செல் வந்திருக்குங்க, அஞ்சாம் நாள் வரைக்கும் பார்த்துடலாம்’ என்பார்கள். நன்றாகப் பிரிந்துகொண்டிருக்கும் கருவுக்கு இன்னும் என்ன காத்திருப்பு? இதற்கான விடையின் முதல் பாதி தவளை முட்டையில் கிடைத்தது.

மழை விட்ட மறுநாள் பொங்கலூர் பக்கம் குட்டைகளில் எட்டிப் பார்த்தால், ஜெல்லிக் கயிற்றில் கறுப்பு மணி கோர்த்த மாதிரி தேரை முட்டைகள் மிதக்கும். ஆய்வகங்களில் பயன்படுவது இவற்றின் தூரத்து உறவான ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்க நகத் தவளை. ஒரு காலத்தில் கர்ப்பப் பரிசோதனைக் கருவியே இதுதான். பெண்ணின் சிறுநீரை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அவர் கர்ப்பமாக இருந்தால் தவளை முட்டையிட்டுவிடும். அப்படித்தான் உலக லேப்களுக்குள் இது நுழைந்தது.

அதன் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரியது. கருவுற்றுச் சுமார் 90 நிமிடத்தில் இரண்டாகிறது. பிறகு ஏறக்குறைய அரை மணிக்கொரு தரம் 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகிறது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த ஓட்டம் முழுவதும் கருவின் சொந்த மரபணுக்கள் கிட்டத்தட்ட மௌனம். முட்டை உருவானபோது அம்மா சேர்த்துவைத்த ஆர்என்ஏ, புரதங்களை வைத்தே வேலை நடக்கிறது. 12 முறை பிரிந்து 4,096 செல்களை எட்டும்போது, அதாவது சுமார் 7 மணி நேரத்தில், வேகம் குறைகிறது. அப்போதுதான் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் விழிக்கத் தொடங்குகின்றன.

அந்த நேரம் கருவுக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே கடிகாரம் இருக்கிறதா? 1982-ல் ஜான் நியூபோர்ட், மார்க் கிர்ஷ்னர் இருவரும் இதைச் சோதித்தார்கள். செல் பிரிவதையே தடுத்தார்கள். மரபணுக்கள் அப்போதும் விழித்தன. ஆக, எத்தனை முறை பிரிந்தது என்ற எண்ணிக்கை முக்கியமில்லை. அடுத்து, முட்டைக்குள் கூடுதல் டிஎன்ஏவைச் செலுத்தினார்கள். மரபணு வேலை முன்கூட்டியே தொடங்கியது. அப்படியானால் முட்டைக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளை டிஎன்ஏ இழுத்துத் தீர்க்கிறது. அது தீர்ந்ததும் ஸ்விட்ச் விழுகிறது.

பொங்கலூர், பல்லடம் வட்டாரத்தில் பனியன் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேக்கிங் ஆட்கள் அதே பத்துப் பேர். ஆனா பீஸ் மட்டும் அரை மணிக்கொரு தரம் இரண்டு மடங்காகிறது. முதலில் வந்ததெல்லாம் உடனே மடித்து மூடப்படும். ஒரு கட்டத்தில் ‘ஆள் பத்தலீங்க’ என்ற குரல் கேட்கும். பீஸ்கள் பிரித்தபடியே கிடக்கும். கருவில் அந்தப் பேக்கிங் ஆட்கள் ஹிஸ்டோன் புரதங்கள். டிஎன்ஏவைச் சுற்றி மடித்து மூடிவைப்பது அவற்றின் வேலை. முட்டையில் இவற்றின் இருப்பு ஏறக்குறைய மாறாதது, டிஎன்ஏவோ பெருகுகிறது. மூட ஆளில்லாத இடத்தில் மரபணுவைப் படிக்கும் இயந்திரம் உட்கார்ந்துகொள்கிறது. 2015-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் குழு கருவில் ஹிஸ்டோன் அளவைக் குறைத்துப் பார்த்தது. எதிர்பார்த்தபடியே மரபணுக்கள் சீக்கிரம் விழித்தன.

ஹிஸ்டோன் மட்டுமே முழுக் கதை அல்ல. டிஎன்ஏவைப் பிரதியெடுக்கத் தேவையான சில புரதங்களும் இதே மாதிரி தீர்ந்துபோகின்றன. எந்த மரபணு முதலில் திறக்க வேண்டும் என்று இடம் காட்ட, அம்மா கொடுத்த சாக்ஸ்3, பௌ5எஃப்3 போன்ற புரதங்கள் வேண்டும். எல்லா செல்லும் ஒரே நொடியில் விழிப்பதும் இல்லை. முட்டையின் மேல்பாதியில் இருக்கும் சின்னச் செல்கள் முந்திக்கொள்கின்றன, மஞ்சள்கரு நிறைந்த கீழ்ப்பாதிப் பெரிய செல்கள் பிந்துகின்றன.

தவளைக் கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. நம் கரு ஒருமுறை பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆனால் அம்மா இருப்பிலிருந்து சொந்தக் கணக்குக்கு மாறும் கட்டம் நமக்கும் உண்டு. அது 4 முதல் 8 செல்லுக்குள் பெரிய அளவில் நடக்கிறது என்பது 1988-ல் தெரியவந்தது. அதனால் மூன்றாம் நாள் வரை கரு அழகாகப் பிரிவது பெரும்பாலும் முட்டையின் தரத்தைத்தான் காட்டும். சொந்த மரபணுக்கள் வேலையை எடுத்துக்கொண்டதா என்பது அதற்குப் பிறகே தெரியும். குரோமோசோம் கோளாறு உட்பட வேறு காரணங்களாலும் பல கருக்கள் இந்த இடைவெளியில் நின்றுவிடுகின்றன. ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வந்த கரு, இந்த மாற்றத்தைத் தாண்டி வந்த கரு.