குட்டி யானை வாசலுக்கு வரும் முன்

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் பாடியில் வீடு மாறுகிறவர்களின் காலம். திருவல்லீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் முகூர்த்த நாளன்று ஒரு குட்டி யானையாவது கண்ணில் படும். 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு ஜனங்களே வைத்த பெயர் அது. சுமார் 750 கிலோ சுமக்கும். லாரி நுழையாத சந்துக்குள்ளும் போய் நிற்கும். வண்டி கிடைப்பது இன்று பெரிய காரியமில்லை. நம்பி வீட்டை ஒப்படைக்கத் தகுந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

நாங்கள் பாடியிலிருந்து கொரட்டூருக்கு மாறியபோது மூன்று பேரிடம் பேசினோம். முதலாமவர், "டபுள் பெட்ரூமா? ஆறாயிரம் சார்" என்று போனிலேயே முடித்துவிட்டார். இரண்டாமவர் அதிலும் ஐந்நூறு குறைத்தார். மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. மறுநாள் காலை நேரில் வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் நின்று கைகளை விரித்து அகலம் பார்த்தார். "பீரோ இப்பிடியே இறங்காது, கண்ணாடிக் கதவைக் கழட்டணும்" என்றார். அடுத்து, "வாஷிங் மெஷின் ஃப்ரன்ட் லோடா? வாங்கினப்போ பின்னாடி இருந்த போல்ட்டை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் தொழில் தெரிந்தது. ஃப்ரன்ட் லோடு மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. பயணத்தில் அது ஆடாமல் இருக்கத்தான் கம்பெனி போல்ட் போட்டு இறுக்கி அனுப்புகிறது. மாட்ட வரும் மெக்கானிக் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். அது இல்லாமல் ஏற்றினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரம் அடிபடும். ஃப்ரிட்ஜும் அப்படித்தான். படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். தப்பித்தவறிப் படுக்கவைத்திருந்தால், சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும்.

போனில் சொல்லும் விலை ஏன் நிற்பதில்லை? வீட்டுச் சாமானில் பெரும்பாலும் எடைக்கு முன்னால் இடம்தான் தீரும். சோபாவும் மெத்தையும் கனமில்லை, ஆனால் வண்டியை அடைத்துக்கொள்ளும். பார்க்காமல் கணக்குப் போட்டவர், பாதி ஏற்றிய பிறகு, "சாமான் ஜாஸ்தி சார், இன்னும் ரெண்டாயிரம்" என்பார். பொருள் அவர் வண்டியில் இருக்கும்போது பேரம் நம் கையில் இல்லை.

ஆகவே எழுத்தில் வாங்குங்கள். சாமான் பட்டியல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி, கட்டிலைக் கழற்றி மாட்டும் கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி போட்டால் எண்ணைப் பாருங்கள்: மொத்தம் 15 இலக்கம், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும், அடுத்த பத்தும் அவர்களுடைய பான் எண். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் பதிவில் உள்ள பெயர் வரும். போர்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் கேளுங்கள். 'இன்சூரன்ஸ்' என்று தனியாகப் பணம் கேட்டால், காப்பீட்டு நிறுவனம் தந்த பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். மூவர்ஸ்காரர் தன் பில்லில் எழுதும் ஒரு வரி பாலிசி ஆகாது.

சரக்கேற்றும் தொழிலுக்கென்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி சரக்கு ரசீது தர வேண்டும். பொருள் சேதமானால் இழப்பீடு பொதுவாகக் கூலியின் பத்து மடங்குக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மதிப்பை முன்பே எழுதிக் கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்குப் போடுவதானால், புக் செய்த 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரசீது இல்லாதவருக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

நகையும் பத்திரமும் சான்றிதழும் மட்டும் எந்த வண்டியிலும் ஏற வேண்டாம். பால் காய்ச்சப் போகும்போது விளக்கோடும் உப்போடும் உங்கள் கையிலேயே வரட்டும்.

மூன்றாமவர் மற்ற இருவரையும்விடக் கூடத்தான் கேட்டார். போல்ட்டுகள் பரணில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடைத்தன. கொரட்டூரில் மெஷினை இறக்கிவைத்ததும் அவரே கழற்றி, "அடுத்த வீட்டுக்கு" என்று சிரித்தபடி அதே பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்.