இணையத்தள வருகைப் பதிவுகளும் தமிழ் வணிகச் சந்தைப்படுத்தலும்

கடைக்கு வருவோரின் முகக்குறிப்பைக் கண்டு அவர்தம் விருப்பத்தை அறிந்துகொள்வது வணிகர்க்குப் பழகிய கலையாகும். இணையத்தளத்தின்வழி நூலோ புடவையோ பூசைப்பொருளோ விற்போருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைப்பது வருகைப் பதிவு. எந்தப் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது, வந்தவர் எவ்வழியாக வந்தார், எந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டார் என்பனவற்றை அது எண்களாகத் தருகின்றது. இவ்வெண்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறியாமல் அவற்றைக்கொண்டு முடிவெடுத்தால் இழப்பே நேரும். தமிழில் பக்கங்களை நடத்தும் வணிகரை இது எவ்வாறு பாதிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990களில் இணைய வழங்கி, தன்னிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாக எழுதி வைத்தது. 20 படங்கள் கொண்ட ஒரு பக்கத்தை ஒருவர் திறந்தால் 21 வரிகள் பதிவாயின. அவ்வரிகளின் கூட்டுத்தொகையே ‘ஹிட்ஸ்’ என்று பெருமையோடு விளம்பரப்படுத்தப்பட்டது. பின்னர், பக்கத்திலேயே ஒரு சிறு நிரலைப் பதித்து, வருகையாளரின் உலாவியில் ‘குக்கி’ எனும் அடையாளக் குறிப்பை வைக்கும் முறை பரவியது. அர்ச்சின் என்னும் அமெரிக்க நிறுவனத்தைக் கூகுள் 2005இல் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் சேவையை இலவசமாக வழங்கத் தொடங்கியதும் சிறு வணிகரும் இக்கருவியைக் கையாளலாயினர். இன்று வழக்கில் உள்ளது அதன் நான்காம் பதிப்பாகும்.

குக்கி அடையாளம் காண்பது உலாவியையே அன்றி மனிதரை அன்று. ஓர் ஆசிரியர் கைப்பேசியிலும் பள்ளிக் கணினியிலும் ஒரே தளத்தைப் பார்த்தால் இருவராக எண்ணப்படக்கூடும். ஒரு குடும்பமே ஒரு கணினியைப் பயன்படுத்தினால் எல்லாரும் சேர்ந்து ஒருவராகிவிடுவர். ஆகவே ‘பயனர்’ என்னும் தலைப்பின்கீழ் வரும் எண்ணை ஆள்தொகையாகக் கொள்ளலாகாது.

இனி நாம் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருவோம். வருகை அறிக்கைகளில் ‘மொழி’ என்றொரு பிரிவு உண்டு. வருகையாளர் எம்மொழியில் படித்தார் என்பதை அது காட்டுவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது காட்டுவது அவருடைய உலாவியின் மொழி அமைப்பை மட்டுமே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் பலருடைய கைப்பேசிகள் ஆங்கில அமைப்பில் உள்ளன. அத்தகையோர் ஒரு தமிழ்ப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாலும் ஆங்கிலக் கணக்கிலேயே சேர்க்கப்படுவர். நூறில் ஒருவர்தாம் தமிழர் என்று அறிக்கை கூறுவதாக மயங்கும் வணிகர், தமிழ்ப் பக்கங்களுக்குச் செலவிடுவது வீண் என முடிவு செய்தால் வியப்பில்லை. அப்பக்கங்களை எழுதும் வேலை நம் பட்டதாரிகளுக்குரியது என்பதையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனி முகவரிப் பகுதி அமைத்து, அவை எத்தனை முறை திறக்கப்பட்டன, எவ்வளவு தொலைவு படிக்கப்பட்டன, அவற்றிலிருந்து எத்தனை கொள்முதல்கள் நிகழ்ந்தன என ஒப்பிடுவதே முறையான வழி. நான்காம் பதிப்பில் உரிய வசதியை இயக்கி வைத்தால், ஒரு பக்கம் 90 விழுக்காடு வரை உருட்டப்படும்போது அது தனி நிகழ்வாகப் பதிவாகும். இவ்வாறு ஒப்பிட்ட பின்னரும் பயனில்லை எனத் தெரிந்து ஒரு வணிகர் அப்பக்கங்களைக் கைவிடுவாராயின், அவரை நாம் குறைகூற இயலாது. அளக்காமலே கைவிடுவதுதான் நம் கவலை.

அடுத்து, தேடுசொற்கள். கூகுள் தேடுபொறியில் வருகையாளர் இட்ட சொற்கள் 2011 அக்டோபர் முதல் படிப்படியாக மறைக்கப்பட்டன. இன்று அவற்றின் ஒரு பகுதியைச் ‘சர்ச் கன்சோல்’ என்னும் தனிச்சேவையில்தான் காணலாம். எனினும் தளத்தின் சொந்தத் தேடற்பெட்டியில் இடப்படும் சொற்கள் உரிமையாளருக்குக் கிடைக்கும். இவற்றுள் விடை ஏதும் கிடைக்காத தேடல்கள் மிகுந்த பயனுடையவை. கேட்ட பொருள் கடையில் இல்லை என்பதையோ, இருந்தும் கண்டுபிடிக்க இயலவில்லை என்பதையோ அவை உணர்த்துகின்றன. திருக்குறளைத் தேடுபவர் தமிழ் எழுத்தில் இடலாம். உரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாகவும் இடலாம். ‘நூல்’ என்னும் சொல் இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த 36 குறிகளாக மாற்றி எழுதப்படுகிறது. வழங்கிப் பதிவில் இதனைக் காணும் தொழில்நுட்பர் குப்பை எனத் தள்ளிவிடக்கூடும். ஒரே சொல்லின் பல எழுத்து வடிவங்களைத் திரட்டி ஒரு தலைப்பின்கீழ்க் கொணர்வது மொழியறிந்தார் செய்ய வேண்டிய பணி. அகராதித் தொகுப்பில் பழகியவர்க்கு இது புதிதன்று. தேடுசொற்களோடு வாங்குபவரின் பெயரையும் சேர்த்துவைப்போர், மலேசியாவின் 2010ஆம் ஆண்டு, சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை அறிந்திருத்தல் வேண்டும்.

வருகையின் மூலத்தைக் காண்பதிலும் ஒரு சிக்கல் உள்ளது. வாட்ஸ்அப் வழியாகப் பகிரப்படும் இணைப்பைச் சொடுக்கி வருவோர் பெரும்பாலும் ‘நேரடி வருகை’ என்றே பதிவாகின்றனர். ஆசிரியர் குழுவொன்றில் பகிரப்பட்ட நூலறிமுகம் விற்பனையைத் தந்திருந்தாலும், பாராட்டு வேறெதற்கோ போய்விடும். இணைப்பின் இறுதியில் யு.டி.எம். எனப்படும் குறிச்சொற்களைச் சேர்த்துப் பகிர்ந்தால் இது தீரும். அம்மூன்றெழுத்துகளின் முதலெழுத்து அர்ச்சின் என்னும் பெயரைக் குறிக்கிறது. நிறுவனம் மறைந்தும் பெயர் எஞ்சியுள்ளது. நாளிதழ் விளம்பரத்தின் கியூஆர் குறியீட்டுக்கு ஒரு குறிச்சொல், வாட்ஸ்அப்புக்கு ஒன்று, முகநூலுக்கு ஒன்று என வேறுபடுத்தினால், எந்த வெள்ளி எங்கே பயன் தந்தது என்பது புலனாகும்.

ஆண்டு ஒப்பீட்டிலும் எச்சரிக்கை தேவை. தீபாவளி 2024இல் அக்டோபர் 31ஆம் நாளும் 2025இல் அக்டோபர் 20ஆம் நாளும் வந்தது. முதலாண்டில் அக்டோபர் 15 என்பது பண்டிகைக்கு 16 நாள் முந்தியது. அடுத்த ஆண்டில் 5 நாள் முந்தியது. ஒரே தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வணிகர், விளம்பரத்தால் விற்பனை உயர்ந்தது என்று மகிழ்வார். மாதக் கடைசியை ஒப்பிட்டால் வீழ்ந்தது என்று வருந்துவார். தீபாவளி நாளைச் சுழியமாகக் கொண்டு, அதற்கு முன்னுள்ள வாரங்களை எண்ணி ஒப்பிடுவதே பொருந்தும். கருவி இதனைத் தானாகச் செய்து தராது. பதிவுகளை விரிதாளில் இறக்கி நாமே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.