மழைநாளில் திரும்பி வரும் வீக்கம்

ஐப்பசி அடைமழையில் டெல்டா வீடுகளில் பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். நெஃப்ராடிக் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு அந்தச் சளியே போதும், அடங்கியிருந்த சிறுநீரக நோய் மறுபடி தலைதூக்கும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், சிறுநீர் நுரைக்கும். 'மருந்து கேட்கலை, கிட்னி போயிடுச்சு' என்று பெற்றோர் உடைந்துபோகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சிலர் நீர் இறங்கட்டும் என்று வாழைத்தண்டுச் சாறு கொடுத்தபடி ஒரு வாரத்தை இழந்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

சிறுநீரக வடிகட்டியைச் சுற்றிப் பிடித்திருக்கும் செல்களின் நுண்பாதங்கள் தட்டையாகிவிட, இரத்தத்தின் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது 'மினிமல் சேஞ்ச்' வகை. சாதாரண நுண்ணோக்கியில் திசு ஏறக்குறைய இயல்பாகவே தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் மாற்றம் பிடிபடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் நூற்றில் 80 முதல் 90 பிள்ளைகளுக்குப் புரதம் நின்றுவிடுகிறது, அந்தப் பாதங்களும் பழைய வடிவுக்கு வருகின்றன. அவர்களில் பலருக்கு நோய் ஒருமுறையாவது திரும்பவும் செய்யும். 6 வாரம் தினமும் மாத்திரை தந்தும் புரதம் நிற்காவிட்டால் பயாப்ஸி தேவைப்படும். திசுவில் தழும்பு விழும் எஃப்.எஸ்.ஜி.எஸ். அதில் தெரியவரலாம், அதற்கு மருந்தே வேறு.

வீக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். விடிந்ததும் போகும் முதல் சிறுநீரில் நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழித்து நிறத்தை ஒப்பிட்டு, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மஞ்சள் பச்சையானால் புரதம் இருக்கிறது. டப்பாவை உடனே இறுக மூடுங்கள். மழைக்கால ஈரம் பட்டால் பட்டை கெட்டுவிடும். தொடர்ந்து 3 நாள் 3+ அல்லது 4+ என்றால் நோய் திரும்பிவிட்டது, மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல் இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே கிளம்புங்கள்.

மாத்திரையால் கன்னம் உப்புகிறது என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வீக்கம் உள்ளவரை கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். தடுப்பூசி போடும் முன் ஸ்டீராய்டு சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூர் இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு உண்டு. அட்மிஷன் தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று அங்கேயே கேளுங்கள். எந்த மருத்துவமனையானாலும் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுதிக் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஓராண்டில் நோய் 3 முறை திரும்பினால் ஸ்டீராய்டைக் குறைக்க வேறு மருந்து சேர்ப்பதை மருத்துவர் யோசிப்பார். அந்தக் கணக்கு உங்கள் நோட்டிலும் அந்த நகல்களிலும்தான் இருக்கும்.