பூட்டு ஊரில் மெக்கானிக்கல் படிக்கலாமா?

திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். உள்ளே இருக்கும் சூட்சுமம் எல்லோருக்கும் தெரியாது. பூட்டைப் பிரித்தால் அடுக்கடுக்காக லீவர்கள் இருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. அந்த அளவை அரத்தால் ராவி ராவிக் கொண்டுவருகிறார்கள் பட்டறைத் தொழிலாளிகள். 2019-ல் இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே அரத்தைத்தான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முதலாண்டு மாணவரின் கையிலும் கொடுக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் பயிற்சி! இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி, ராவிச் சதுரமாக்க வேண்டும். கை வலிக்கும், விரல் காய்க்கும். கோணம் பார்க்கும் மட்டத்தை வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். மறுபடியும் ராவ வேண்டியதுதான்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளில் இப்போது வேறு பேச்சு. “கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலைன்னா மெக்கானிக்கல் போடலாமா?”, “அதைப் படிச்சா வேலை கிடைக்குமா?” ஒரு காலத்தில் முதல் ஆளாகக் கேட்டு வாங்கிய பிரிவு, இன்று பல வீடுகளில் இரண்டாவது, மூன்றாவது சாய்ஸ். நான்கு வருடமும் லட்சங்களும் போகிற விஷயம் என்பதால், தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

என்ன சொல்லித் தருவார்கள்?

மறுபடியும் பூட்டையே எடுத்துக்கொள்வோம். லீவர் எப்படி நகர்கிறது என்பது ‘கைனமேட்டிக்ஸ்’. வளையத்தை எவ்வளவு இழுத்தால் அறுந்துபோகும் என்பது ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’. எந்த உலோகம், எப்படி வார்ப்பது, எப்படிக் கடைவது என்பது ‘மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி’. இவற்றோடு இன்ஜின், பாய்லர், ஏ.சி-க்கு ஆதாரமான ‘தெர்மோடைனமிக்ஸ்’, பம்புக்கும் டர்பைனுக்கும் ஆதாரமான ‘ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்’. இந்த ஐந்தும் புரிந்தவருக்கு வேடசந்தூர் நூற்பாலை இயந்திரமும் ஒன்றுதான், தோட்டத்துக் கிணற்று மோட்டாரும் ஒன்றுதான்.

இந்தப் படிப்புக்குத் தமிழ் மண்ணில் பழைய வேர் உண்டு. 1794-ல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த கிண்டி பொறியியல் கல்லூரியில் 1894-லேயே மெக்கானிக்கல் வந்துவிட்டது. திண்டுக்கல் பகுதியில் 1984-ல் தொடங்கிய பி.எஸ்.என்.ஏ போன்ற தனியார் கல்லூரிகளும், ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் இருக்கின்றன.

தடுக்கி விழும் இடங்கள்

முதல் வருடத்தில் பலரைத் தடுக்கிவிடுவது கணிதமும் ‘இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ்’ஸும். ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைய வேண்டும். நன்றாக மார்க் எடுத்தவர்கள்கூடக் கண்ணை மூடிக் கற்பனை செய்ய முடியாமல் தவிப்பார்கள். இதற்கு எளிய வழி உண்டு. வீட்டில் ஒரு சோப்பை அந்த வடிவத்தில் வெட்டி, திருப்பித் திருப்பிப் பார்ப்பது. கூம்பை வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பதை ஒரு கேரட்டே சொல்லிக்கொடுத்துவிடும். முதல் செமஸ்டரில் வந்த அரியரை அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிட வேண்டும். அது சேர்ந்துகொண்டே போனால், கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூ வாசலிலேயே நிறுத்திவிடும்.

அடுத்த தடை ஆங்கிலம். தமிழ் வழியில் படித்து வந்தவருக்குப் பாடம் புரிந்தாலும் பதில் எழுத வராது. இதற்காகவே 2010-ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கப்பட்டன. 2023 மே மாதம், சேர்க்கை குறைவு என்று சொல்லி உறுப்புக் கல்லூரிகளில் தமிழ் வழியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 சதவிகித முன்னுரிமை உண்டு. ஆனால், பள்ளிப் படிப்பும் தமிழ் வழியிலேயே இருந்திருக்க வேண்டும். தனியார் நிறுவன நேர்காணலும் வரைபடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். எனவே, தமிழில் படித்தாலும் தொழில் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்வது கட்டாயம்.

பணம் கட்டும் முன்...

கட் ஆஃப் கணக்கு 200-க்கு. கணிதம் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக. கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 80 என்றால், 84 + 39 + 40 = 163.

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசு கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் மட்டுமே அது கிடைக்கும். ‘இப்பவே சீட் போட்டுடலாம்’ என்ற பேச்சை நம்பி மேனேஜ்மென்ட் கோட்டாவில் அட்வான்ஸ் கட்டும் பெற்றோர், இந்தச் சலுகையை இழந்துவிடுகிறார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பி, தங்கைக்கு இது கிடையாது.

ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித இட ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் ‘புதுமைப்பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. “பட்டறைப் படிப்பு பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?” என்று தயங்கும் வீடுகள் இதையும் கணக்கில் எடுக்கலாம். இன்று டிசைன் வேலையின் பெரும்பகுதி கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது.

நேராக பி.இ-தான் போக வேண்டும் என்றும் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ முடித்தால், பி.இ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மெஷினைத் தொட்டுப் பழகிவிட்டு வருவதால், இவர்களுக்கு லேப் பயம் இருப்பதில்லை.

வேலை எங்கே?

உண்மையைச் சொன்னால், ஆரம்பச் சம்பளத்தில் பல நேரங்களில் ஐ.டி-தான் முந்தும். மெக்கானிக்கலில் முதல் சில வருடங்கள் ஷிஃப்ட், எண்ணெய்க்கறை, இரைச்சல் எல்லாம் சகஜம். ஒரகடம், ஓசூர் வாகனத் தொழிற்சாலைகள், கோவை பம்பு நிறுவனங்கள், உள்ளூர் நூற்பாலைகளின் பராமரிப்புப் பிரிவு என்று தேடிப்போக வேண்டும். வேலை கிடைக்காத வருடத்தை வீணாக்காமல், உதவித்தொகையுடன் கூடிய ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். திருச்சி பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பட்டதாரிகளை இதற்கு எடுக்கின்றன. ‘கேட்’ தேர்வு எழுதினால் எம்.டெக் படிப்புக்கும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் வழி பிறக்கும்.

சீட் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இதில் சேரக் கூடாது. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், அது ஏன் நின்றது என்று யோசிக்கிற பிள்ளையா? சைக்கிள் செயினைத் தானே மாட்டுகிற பிள்ளையா? அப்படியென்றால் தைரியமாகச் சேர்க்கலாம். அந்த ஆர்வம் இல்லாதவருக்கு நான்கு வருடமும் பாரம்.

கவுன்சலிங்குக்கு முன், பிள்ளையை ஒரு பூட்டுப் பட்டறைக்கோ லேத் பட்டறைக்கோ அழைத்துப் போய் அரை மணி நேரம் நிற்க வைத்துப் பாருங்கள். “போலாம்ப்பா” என்கிறதா, “இது எப்படிப்பா ஓடுது?” என்கிறதா? பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்!