குப்பைக்குப் போகும் சோறு

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிடுகிறது. இதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. மீதிதான் ஹோட்டல்களிலும் கடைகளிலும். கல்யாணப் பந்தியில் இலையோடு எறியப்படும் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் அளவுக்குச் சமையலறைக் கூடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தியாவில் ஒருவர் பங்குக்கு வீட்டில் வீணாவது ஆண்டுக்கு 55 கிலோ என்கிறது அதே அறிக்கை. இது வீடு வீடாக எடைபோட்ட கணக்கு அல்ல, சில ஆய்வுகளை வைத்துச் செய்த மதிப்பீடு. காய்த் தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாதவையும் இதில் அடங்கும்.

திறந்த வெளியில் கிடக்கும் காய்த் தோல் மட்கிப்போகும். பல அடி உயரக் குப்பைமேட்டின் அடியில் சிக்கினால் அதற்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது மீத்தேன் வெளியாகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் அமைந்த பெருங்குடிக் குப்பைமேட்டில் 2022 ஏப்ரலில் பிடித்த தீ சில நாட்கள் எரிந்தது. அழுகிய கழிவிலிருந்து வடியும் கருநீர் நிலத்தடி நீரிலும் கலக்கிறது.

கழிவை உரமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் தீரும். ஒரு கிலோ அரிசி விளைய உலக சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. அந்த நீரும், உரமும், ஆலை மின்சாரமும், லாரி டீசலும், அடுப்பு எரிவாயுவும் உரக்குழியிலிருந்து திரும்பி வராது. அதனால் உரமாக்குவது கடைசிப் படிதான். உணவு கழிவாகாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

சமைப்பதற்கு முன்பே கெட்டுப்போவதில் கீரைக்கும் காய்க்கும் பெரிய பங்குண்டு. பழுக்கும் வாழை, மாம்பழம், தக்காளி ஆகியவை எத்திலீன் வாயுவை வெளியிடும். பக்கத்தில் வைத்த கீரையும் வெள்ளரியும் அதனால் சீக்கிரம் மஞ்சளிக்கும். இவற்றைத் தனித்தனியே வைப்பது காசில்லாத வைத்தியம். கீரையைக் கழுவாமல், ஈரம் துடைத்து, துணியிலோ காகிதத்திலோ சுற்றினால் கூடுதலாகச் சில நாள் தாங்கும். ஃபிரிட்ஜின் உள்வெப்பம் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இடுக்கில்லாமல் அடைத்தால் குளிர் காற்று சுற்றாது.

மிஞ்சிய சோற்றில் கவனம் வேண்டும். வெந்த அரிசியிலும் உயிரோடு தங்கும் பாக்டீரியா வித்துகள் உண்டு. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சோற்றை விரைவாக ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே தாளித்தோ வடகமாகப் பிழிந்தோ தீர்த்துவிடலாம். பீர்க்கங்காய்த் தோல் துவையல், தர்பூசணி வெள்ளைப் பகுதிக் கூட்டு போன்றவை சிக்கனம் என்ற பெயரில்லாமலே பல வீடுகளில் நடப்பவை.

பாக்கெட் உணவில் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தரத்தைப் பற்றியது. அது கடந்த பருப்பும் பிஸ்கட்டும் அன்றே நஞ்சாகிவிடுவதில்லை. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ தேதி பாதுகாப்பைப் பற்றியது. அதைத் தாண்டிச் சாப்பிடக் கூடாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குப்பையில் போடப்படுவது கொஞ்சமல்ல.

இத்தனைக்குப் பிறகும் தோலும் தண்டும் மிஞ்சும். துளையிட்ட மண்பானையிலோ வாளியிலோ இவற்றோடு காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவைக் கலந்து, வாரம் ஒருமுறை கிளறினால் காற்று கிடைக்கும், மீத்தேன் உருவாவது வெகுவாகக் குறையும். நாற்றம் எழுந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் காய்ந்த இலை சேர்க்க வேண்டும். இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் எலியை இழுக்கும் என்பதால் தவிர்ப்பது நல்லது. இடமில்லாத வீடுகள் ஈரக்கழிவைத் தனியே கொடுக்க வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்ட ஈரக்கழிவு உரத்துக்கு ஆகாது. பெரும்பாலும் குப்பைமேட்டுக்கே போய்ச் சேரும்.