பத்து பதினெட்டான கதை

‘மகாநாடு’ என்றதும் பந்தலும் வரவேற்புக் கமிட்டியும் தலைமைப் பிரசங்கமும் நம் நேயர்களின் நினைவுக்கு வருவது இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலாசாலைகளில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. தம்முள் பந்தயம் ஆடுவதற்காகச் சில சர்வகலாசாலைகள் கூடி அமைத்துக்கொள்ளும் கூட்டுக்கே அங்கே ‘கான்பரன்ஸ்’ என்று பெயர். எந்தக் கூட்டில் எந்தக் கலாசாலை சேரும், எது விலகும், எது தெருவில் நிற்கும் என்பது சில வருஷங்களாக அந்நாட்டுப் பத்திரிகைகளில் மந்திரிசபை மாற்றம் போலப் பேசப்படுகிறது. தூர தேசத்து விளையாட்டு வம்பு என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. பொது ஜனங்களின் வரிப்பணத்தால் எழுந்த கல்வி ஸ்தாபனங்களின் போக்கை நிர்ணயிப்பது கல்விமான்களா, காட்சி வியாபாரிகளா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

ஆதியில் இந்தக் கூட்டுகள் எதற்காகத் தோன்றின என்பதை முதலில் பார்ப்போம். 1895-ம் வருஷம் மத்திய மேற்குப் பிரதேசத்துச் சர்வகலாசாலைத் தலைவர்கள் 7 பேர் சிகாகோவில் கூடினார்கள். அக்காலத்தில் புட்பால் ஆட்டம் கட்டு மீறிப் போய்க்கொண்டிருந்தது. படிப்பில் பெயர் மட்டும் பதிந்துவிட்டுப் பந்தாட வருகிறவர்கள் மிகுந்திருந்தார்கள். மெய்யாகவே படிக்கும் மாணவன்தான் கலாசாலையின் பெயரால் ஆடலாம். ஆட்டத்தின் கடிவாளம் ஆசிரியர்கள் கையில் இருக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். மறு வருஷம் பிறந்த அந்தக் கூட்டே பின்னர் ‘பிக் டென்’, அதாவது ‘பெரிய பத்து’ என்று பெயர் பெற்றது. அதிலிருந்தவை அண்டை அயல் மாகாணங்களின் கலாசாலைகள். சனிக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பக்கூடியவை. பணத்துக்கும் அவசரத்துக்கும் கடிவாளம் போடவே கான்பரன்ஸ் பிறந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று ‘பெரிய பத்தில்’ எத்தனை அங்கத்தினர் என்று கேட்டால் 18 என்று பதில் வரும். ‘பிக் 12’ என்ற கூட்டில் 16 கலாசாலைகள். ‘அட்லாண்டிக் கரைக் கூட்டு’ என்று பெயர் கொண்ட ஒன்றில் பஸிபிக் சமுத்திரக் கரையிலுள்ள ஸ்டான்போர்டும் பெர்க்கிலியும் அங்கத்தினர்! கணிதமும் பூகோளமும் கற்பிக்கும் ஸ்தாபனங்களே இவ்விரு சாஸ்திரங்களையும் இப்படிக் கைவிட்டது வேடிக்கை.

இந்த வேடிக்கையின் வேர் 1984-ம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் இருக்கிறது. அதுவரை கலாசாலைப் புட்பால் பந்தயங்களை டெலிவிஷனில் காட்டும் உரிமையை என்.ஸி.ஏ.ஏ. என்னும் தேசியச் சங்கம் தன் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கலாசாலை எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்று வரையறுத்து வந்தது. ஓக்லஹாமா, ஜார்ஜியா ஆகிய சர்வகலாசாலைகளின் நிர்வாகிகள் இதை எதிர்த்து வழக்காடினார்கள். ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு இது விரோதம் என்று 7 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மாறுபட்ட இருவரில் ஒருவர் பைரன் ஒயிட். கொலராடோ சர்வகலாசாலையில் புகழ் பெற்ற புட்பால் ஆட்டக்காரராக இருந்தவர். ஆட்டத்தைச் சந்தையின் போக்கில் விட்டுவிட்டால் கல்வி பின்னுக்குப் போகும் என்பது அவருடைய கவலை. ஏகபோகம் நல்லதென்று நாமும் சொல்லோம். ஆயினும், பழைய பூட்டு உடைந்தபின் புதிய பூட்டு எதுவும் போடப்படவில்லை. கலாசாலைகளும் கூட்டுகளும் தத்தம் பந்தயங்களைத் தாமே ஏலத்தில் விட ஆரம்பித்தன.

ஏலத்தில் விலை ஏறுவது பார்ப்பவர்களின் தொகையைக் கொண்டு. ஆகவே அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் மாறிற்று. 2007-ல் ‘பிக் டென்’ தனக்கென்றே ஒரு டெலிவிஷன் ஸ்தாபனத்தை நிறுவியது. 2014-ல் மேரிலாண்டையும் நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸையும் சேர்த்துக்கொண்டபோது, வாஷிங்டன் தலைநகரத்திலும் நியூயார்க் வட்டாரத்திலுமுள்ள சந்தாதாரர்களின் வீடுகளே முதற்கண் கணக்கிடப்பட்டன. 2021-ல் டெக்ஸாஸும் ஓக்லஹாமாவும் தம் பழைய கூட்டை விட்டுத் தென்கிழக்குக் கூட்டில் சேர நிச்சயித்தன. 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் இரு பெரும் சர்வகலாசாலைகளும் ‘பிக் டென்’னுக்குப் போவதாக அறிவித்தன. இரண்டு மாதத்துக்குள் அந்தக் கூட்டு மூன்று டெலிவிஷன் கம்பெனிகளோடு 7 வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்துகொண்டது.

இதன் பலனை அனுபவித்தது பஸிபிக் கரைக் கூட்டு. 1915-ல் நான்கு கலாசாலைகளோடு தோன்றி, கலைந்தும் கூடியும் பெயர் மாறியும் வந்து, 12 அங்கத்தினரோடு நின்ற கூட்டு அது. 2023-ம் வருஷக் கோடையில் அதற்குத் திருப்தியான டெலிவிஷன் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஜூலையில் கொலராடோ புறப்பட்டது. நீதிபதி ஒயிட் ஆடிய அதே கொலராடோதான்! ஆகஸ்டு 4-ந் தேதி ஒரே நாளில் ஐந்து கலாசாலைகள் வெளியேறுவது உறுதியாயிற்று. ஸ்டான்போர்டும் பெர்க்கிலியும் அட்லாண்டிக் கூட்டில் முழுப் பங்கு இல்லாமலே இடம் வாங்கிக்கொண்டன. அவற்றோடு சேர்ந்த டல்லாஸ் நகரத்துச் ஸதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையோ, 9 வருஷத்துக்கு டெலிவிஷன் பணத்தில் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு உள்ளே நுழைந்தது. வாசற்படியில் நிற்க இடம் கிடைத்தால் போதும் என்ற நிலை!

கடைசியில் மிஞ்சியவை வாஷிங்டன் ஸ்டேட், ஆரிகன் ஸ்டேட் என்ற இரண்டே. இரண்டும் சிறிய ஊர்களில், மாகாணத்துக் குடியானவர்களின் பிள்ளைகளுக்கு விவசாயமும் கைத்தொழிலும் கற்பிக்கவென்று எழுந்த பொதுக் கலாசாலைகள். ஆரிகன் மாகாணத்தின் இரு கலாசாலைகளும் 1894 முதலும், வாஷிங்டன் மாகாணத்தின் இரண்டும் 1900 முதலும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடி வந்திருக்கின்றன. ஒரே மாகாணத்தின் இரு பிள்ளைகளில் மூத்தவன் சொத்துள்ள வீட்டுக்குச் சுவீகாரம் போய்விட்டான்; இளையவன் இடிந்த வீட்டில் நின்றான். அவன் சும்மா நிற்கவில்லை. கோர்ட்டுக்குப் போய், கூட்டின் நிர்வாகம் எஞ்சிய தங்கள் இருவருக்கே உரியதென்று வாதாடினான். வாஷிங்டன் மாகாணத்துச் சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பரில் தலையிட மறுத்ததால் அந்த உரிமை நிலைத்தது. இந்த மனவுறுதியை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் அதன்பின் நடந்ததைப் பாராட்ட முடியவில்லை. வஞ்சிக்கப்பட்ட இருவரும் தம் கூட்டைப் புதுப்பிக்க எங்கே போனார்கள்? தம்மைவிடச் சிறிய ‘மௌண்டன் வெஸ்ட்’ கூட்டின் வீட்டுக்கு! 2024 செப்டம்பரில் பாய்ஸி, கொலராடோ ஸ்டேட், பிரெஸ்னோ, ஸான் டியாகோ, யூட்டா ஸ்டேட் என்று ஐந்தை அங்கிருந்து அழைத்துக்கொண்டார்கள். பிறகு கன்ஸாகாவும், 2025 ஜூனில் டெக்ஸாஸ் ஸ்டேட்டும் இசைந்தன. இவர்கள் சேருவதற்கு 2026 ஜூலை 1-ந் தேதி குறிக்கப்பட்டது. அங்கத்தினரை இழந்த சிறிய கூட்டு தன் குறையை நிரப்பத் தன்னிலும் சிறியவற்றைத் தேடிற்று. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் குளத்தில், தப்பிய மீனும் வேறொரு மீனை விழுங்கித்தான் பிழைக்கவேண்டியிருக்கிறது. இது அந்தக் கலாசாலைகளின் துர்க்குணம் என்பதைவிடக் குளத்தின் நியதி என்பதே பொருந்தும்.

இனி யார் எங்கே சேருவார்கள்? கண்கள் யாவும் அட்லாண்டிக் கூட்டின் மீது பதிந்திருக்கின்றன. அதன் டெலிவிஷன் ஒப்பந்தம் 2036 வரை நீள்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கப் பிளாரிடா ஸ்டேட்டும் கிளெம்ஸனும் வழக்குத் தொடுத்து, 2025 மார்ச்சில் ராஜியாயின. அதிகமான பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு என்றும், விலகுவோர் கட்டவேண்டிய தொகை வருஷத்துக்கு வருஷம் குறைந்து 2030-31-ல் 7½ கோடி டாலராகும் என்றும் ஏற்பாடு. ‘பிக் டென்’னின் ஒப்பந்தமும் 2030-ஐ ஒட்டியே முடிகிறது. ஆகவே அடுத்த சந்தை கூடும் காலம் அதுவே.

அந்தச் சந்தையில் விலை எப்படிப் பேசப்படும் என்பதையும் ஊகிக்கலாம். தென்கிழக்குக் கூட்டுக்குப் பிளாரிடாவிலும் தென் கரோலினாவிலும் ஏற்கெனவே அங்கத்தினர் உண்டு. வட கரோலினாவும் வர்ஜீனியாவும்தான் அதற்குப் புது நாடு. ‘பிக் டென்’னோ, ஆராய்ச்சியில் சிறந்த சர்வகலாசாலைகளின் சங்கத்தில் இடம் பெற்றவர்களையே விரும்பி வந்திருக்கிறது. வட கரோலினாவும் வர்ஜீனியாவும் அச்சங்கத்தில் உள்ளவை. மையாமியும் நோட்டர் டேமும் 2023-ல் சேர்ந்தன. பிளாரிடா ஸ்டேட்டும் கிளெம்ஸனும் அதில் இல்லை. நோட்டர் டேம் புட்பாலில் எந்தக் கூட்டுக்கும் கட்டுப்படாமல், 1991 முதல் தனி டெலிவிஷன் ஒப்பந்தத்தில் வாழ்கிறது. 1999-ல் ‘பிக் டென்’ அழைத்தபோது வேண்டாம் என்றது. அது மனம் மாறினால் மற்றவர்களின் கணக்கெல்லாம் மாறும். இத்தனை கணக்கிலும் மாணவன் எங்கே வருகிறான் என்று தேடிப் பார்த்தோம், காணவில்லை.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். புட்பால் பணத்தால்தான் நீச்சலும் ஓட்டமும் பெண்களின் பந்தயங்களும் நடக்கின்றன என்கிறார்கள், பெரும்பாலும் மெய்யே. 2025 ஜூன் மாதம் கோர்ட் அங்கீகரித்த ராஜியின்படி ஒரு கலாசாலை தன் ஆட்டக்காரர்களுக்கு அந்த வருஷம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரே கொடுக்கலாம் என்றாயிற்று. உழைத்தவனுக்குக் கூலி கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணத்தின் பெரும் பகுதி போவது புட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும். பிரயாணத்தின் பாரமோ எல்லோர் தலையிலும் விழுகிறது. புட்பால் அணி வாரம் ஒரு முறை ஆடும். தனி விமானத்தில் போய்வரும். வாலிபால் ஆடும் பெண்ணும் பேஸ்பால் ஆடும் பையனும் வாரத்தில் பல நாள் ஆடவேண்டியவர்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ரட்கர்ஸுக்குச் சுமார் 2,400 மைல். நடுவே மூன்று மணி நேர வித்தியாசம். யாரும் பெரிய விலை கொடுத்துக் கேட்காத அந்த ஆட்டத்துக்காக, அந்த மாணவி தன் வகுப்பையும் தூக்கத்தையும் இழக்கவேண்டும். புட்பால் செய்த பேரத்துக்குப் பிணை அவள்!

பரிகாரம் இல்லாமல் இல்லை. புட்பாலைத் தனியே பிரித்து அதற்குத் தேசமளாவிய கூட்டு வைத்துக்கொள்ளட்டும். மற்ற ஆட்டங்களெல்லாம் அண்டைக் கலாசாலைகளோடு பழையபடி நடக்கட்டும். பயிற்சியாளர்களில் சிலரே இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதாக, பொதுச் சொத்தான ஒரு சர்வகலாசாலை கூட்டு மாறுமுன் மாகாண ஜனங்களின் பிரதிநிதிகளுக்கு வெளிப்படையாகக் காரணம் காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு ஓர் ஆரம்பம் ஏற்பட்டது. பிரிந்துபோன லாஸ் ஏஞ்சலிஸ் கலாசாலை, நஷ்டப்பட்ட சகோதரி பெர்க்கிலிக்கு வருஷம் 1 கோடி டாலர் கொடுக்கவேண்டும் என்று 2024-ல் நிர்வாக சபை விதித்தது. மூன்றாவதாக, ஆடுகிற மாணவர்களைக் கலந்துகொள்ளாமல் இம்மாதிரித் தீர்மானம் செய்வது முறையன்று. இதெல்லாம் நடவாத காரியம் என்போர், ஹார்வர்டு முதலிய 8 கலாசாலைகளின் ‘ஐவி’ கூட்டைப் பார்க்கட்டும். 1954-ல் உடன்படிக்கை செய்துகொண்ட அந்த எட்டும் இன்றும் எட்டே.

முடிவாக ஒன்று. ‘பிக் டென்’னை நிறுவிய ஏழில் சிகாகோ சர்வகலாசாலையும் ஒன்று. ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவராக இருந்தபோது, 1939-ல் அது புட்பாலையே நிறுத்திவிட்டது. 1946-ல் கூட்டிலிருந்தும் விலகியது. அதனால் அதன் கீர்த்தி குன்றியதா? ஆட்டம் நின்றுபோன அந்த மைதானத்தின் ஆசனப் படிகளுக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2-ந் தேதி, பெர்மியும் அவருடைய சகாக்களும் அணுச் சக்தியை மனிதன் கைவசப்படுத்தும் முதல் பரிசோதனையை நிறைவேற்றினார்கள். எல்லாக் கலாசாலைகளும் பந்தைத் தூக்கி எறியவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆட்டம் இளைஞருக்கு அவசியம். கலாசாலை இருப்பதற்காக ஆட்டம் என்பது போய், ஆட்டத்துக்காகக் கலாசாலை என்று ஆகிவிடக் கூடாது. யாரைச் சேர்ப்பது என்று 2030-க்குள் மறுபடியும் கணக்குப் போடப் போகிறவர்கள், 1895-ல் சிகாகோவில் கூடிய அந்த ஏழு பேர் எதற்காகக் கூடினார்கள் என்பதை ஒரு தரம் நினைத்துப் பார்ப்பார்களாக.